மீதி 167 மணி நேரம்

(குமரி மாவட்டம் புதுக்கடையில் பெற்றோர், சிறப்பாசிரியர்கள், கிராமச் செவிலியர்கள் கூடியிருந்த அவையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  ஒரு வேண்டுகோள். பிள்ளை சத்தம் போட்டால் வெளியே கொண்டுபோக வேண்டாம். நான் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்கிறேன்.

1954 என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆகஸ்ட் 11. இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் உயிர்கள் போயின. நான் சொல்ல வந்தது அதே ஆண்டு ஜனவரியில் நடந்த வேறொரு சம்பவம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர்கள் சென்ற வண்டி ஒன்று கவிழ்ந்தது. அதில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸுக்குத் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் நின்றுபோனது.  இனி மருத்துவத் தொழில் நடக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதே கல்லூரியின் டாக்டர் பால் பிராண்ட் ஊக்கம் கொடுக்க, அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ.

இதைச் சாதனைக் கதையாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவது என் நோக்கமில்லை. சாதனைக் கதைகளால் நம் வீடுகளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. இதற்குள் இருக்கிற சின்ன உடற்கூறு விஷயம்தான் எனக்கு வேண்டும். டாக்டர் மேரி கத்தியைப் பிடித்தது கையால். அந்தக் கை நடுங்காமல் நின்றதற்குக் காரணம், இடுப்பும் முதுகும் ஓர் ஆசனத்தில் நிலையாக ஊன்றியிருந்தது. உடம்பு ஒழுங்காக உட்கார்ந்தால்தான் கைக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். கண்ணுக்கும் வாய்க்கும் மூச்சுக்கும் அப்படியே.

டாக்டர் மேரியால் தனக்கு எங்கே வலிக்கிறது, எப்படி உட்கார வேண்டும் என்று வாயால் சொல்ல முடிந்தது. நாம் இன்று பேசுவது அப்படிச் சொல்ல முடியாத பிள்ளைகளையும் பெரியவர்களையும் பற்றி. மூளை முடக்குவாதம், பல குறைபாடுகள் ஒன்றாகச் சேர்ந்த நிலை. படுத்தால் படுத்தபடி, உட்கார்த்தினால் சாய்ந்தபடி இருப்பவர்கள்.

நீங்களும் நானும் ராத்திரி தூங்கும்போது எத்தனையோ முறை புரண்டு படுக்கிறோம். காலையில் ஒன்றும் நினைவிருக்காது. கை மரத்துப்போனால் உடம்பு தானாகவே அதை எடுத்து வேறு பக்கம் வைக்கிறது. இந்தக் கூட்டத்திலேயே பாருங்கள், நான் பேசத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொருவரும் நாற்காலியில் பல தடவை அசைந்துவிட்டீர்கள். என் பேச்சு அலுத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை! உடம்பு தன்னைத்தானே காத்துக்கொள்கிற வழி அது. அந்த வழி அடைபட்டவருக்கு, பூமி இழுக்கிற இழுப்பு ஒரே பக்கமாக, ஒரே மாதிரியாக, வருஷக்கணக்கில் வேலை செய்கிறது. மல்லாந்தே கிடந்தால் நெஞ்சுக்கூடு சப்பையாகிறது. முழங்கால்கள் ஒரு பக்கமே சாய்ந்து கிடந்தால் இடுப்பு திருகுகிறது. இடுப்பு திருகினால் அதன் மேல் நிற்கிற முதுகெலும்பு வளைகிறது. முதுகு வளைந்தால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது. கடுமையான மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் உயிரைச் சீக்கிரமே கொண்டுபோவதில் நெஞ்சுச் சளிக்கும் நிமோனியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. தொடக்கம் பாயில் இருக்கிறது, முடிவு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நடுவில் பல வருஷம் ஓடிவிடுவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். தேங்காப்பட்டணம் போகிற பாதையில் ஒரு பையன், 11 வயது. கட்டில் சுவரோரம் போட்டிருந்தது. பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று போட்டது, நல்ல எண்ணம்தான். அவனுக்கு வலது பக்கம் வெறும் சுவர். இடது பக்கம் வாசல், டிவி, அடுக்களை, அம்மாவின் குரல், தெருவில் போகிற மீன்காரரின் ஹாரன். உலகம் முழுக்க இடது பக்கம். முகம் இடது பக்கமே திரும்பியிருக்க, முழங்கால் இரண்டும் சேர்ந்து வலது பக்கம் சாய்ந்து கிடந்தன. இடது இடுப்பு மூட்டு நழுவத் தொடங்கியிருந்தது. அம்மா சொன்னார்: "டாக்டரே, இவன் எப்பவும் இந்தப் பக்கந்தான் பாப்பான். அந்தப் பக்கம் திருப்பினா அழுவான்."

ஏன் அழமாட்டான்? அந்தப் பக்கம் சுண்ணாம்புச் சுவர்தானே இருக்கிறது.

செய்தது ஒரே காரியம். கட்டிலை நகர்த்தவில்லை, பையனை மாற்றிப் போட்டோம். கால் வைத்த பக்கம் தலை. இப்போது சுவர் இடது பக்கம் வந்தது, அம்மாவும் டிவியும் வலது பக்கம். மடித்த தலையணை ஒன்று முழங்கால்களுக்கு நடுவில். ஒரு வாரம் முரண்டு பிடித்தான். அப்புறம் குரல் வந்த பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைத் திருப்பினான். நழுவிய மூட்டு இதனால் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடவில்லை. அதற்கு எலும்பு மருத்துவரிடம்தான் போக வேண்டியிருந்தது. ஆனால் தொடைகளுக்கு நடுவே கை போகிற அளவு இடம் கிடைத்தது. கழுவித் துடைக்கும்போது பையன் அலறுவது குறைந்தது. அந்த வீட்டில் இதுவே பெரிய மாற்றம்.

இந்தக் கோணல்கள் எல்லாம் நோயின் போக்கு, தலையெழுத்து, வந்தே தீரும் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். 1976-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஃபுல்ஃபோர்ட், பிரவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூளை முடக்குவாதக் குழந்தைகளின் உடற்கோணல்களுக்குப் படுத்திருக்கும் நிலையே ஒரு காரணம் என்பது அதன் சாரம். குழந்தை முதல் மாதங்களில் எந்தப் பக்கம் கிடந்ததோ அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி தலையும் நெஞ்சும் இடுப்பும் வடிவம் மாறியிருந்ததை அவர்கள் கண்டார்கள். மூளையில் ஏற்பட்ட சேதத்தை நம்மால் அழிக்க முடியாது. ஆனால் படுக்கையால் வருகிற சேதம் தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் நம் கை போகும்.

இடுப்பு மூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் வலிக்கு மூலம் பெரும்பாலும் அங்கேதான். பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் இடுப்புக் குழி ஆழமாக இருப்பதில்லை. தவழ்ந்து, எழுந்து நின்று, விழுந்து, மறுபடி நின்று, உடம்பின் பாரம் தொடையெலும்பு வழியாக இறங்க இறங்கத்தான் குழி ஆழமாகிறது, எலும்பின் தலை அதில் பொருந்துகிறது. நிற்காத குழந்தைக்குக் குழி ஆழமாவதில்லை. அதோடு தொடையை உள்பக்கம் இழுக்கிற தசைகள் இறுகியிருக்கும். பத்தரை மாற்றுத் தங்கமாய்ப் பிறந்த மூட்டு, மெல்ல மெல்ல வெளியே நழுவும். முதலில் வலி இருக்காது. வலி வரும்போது காலம் கடந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் சுமார் 35 சதவீதம் பேருக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்தது. எந்தத் தடையும் இல்லாமல் நடக்கிற குழந்தைகளில் ஒருவருக்கும் இல்லை. தலையைக்கூட நிறுத்த முடியாத குழந்தைகளில் 90 சதவீதம்.

இது தடுக்கக்கூடியதா? சுவீடனின் தென்பகுதியில் 1994-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மூளை முடக்குவாதம் உள்ள எல்லாக் குழந்தைகளையும் பதிவுசெய்து, கால இடைவெளியில் மூட்டுகளை அளந்து, இடுப்பை எக்ஸ்ரே எடுத்து, நழுவத் தொடங்கியதுமே கவனித்தார்கள். அதற்கு முன்பு அங்கே பத்தில் ஒரு குழந்தைக்கு மூட்டு முழுதாகக் கழன்றிருந்தது. திட்டம் வந்தபின் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, முன்கூட்டியே பார்த்தார்கள். நம் ஊரில் வாழை குலை தள்ளினதும் ஊன்று கொடுக்கிறோம், காற்றில் சரிந்து விழுந்தபிறகு யாரும் கொடுப்பதில்லை. ஆகவே செவிலியர்களிடம் ஒரு விண்ணப்பம். இரண்டு வயதாகியும் நிற்காத குழந்தை உங்கள் பட்டியலில் இருந்தால், இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். காலில் வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். பள்ளிக்கல்வித் துறையின் ஏற்பாட்டில் வீட்டுக்கோ வட்டார மையத்துக்கோ வருகிற இயன்முறை மருத்துவர், எல்லாம் சரியாக நடந்தால், ஒரு பிள்ளையோடு வாரத்தில் ஒரு மணி நேரம் இருப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி இயன்முறை சிகிச்சை வருகிறது. நல்ல காரியம். அதுவும் சில மணி நேரம்தான். மீதி 167 மணி நேரம் பிள்ளை எப்படிக் கிடக்கிறது, எதில் சாய்கிறது, யார் மடியில் எப்படி உண்கிறது என்பதுதான் உடம்பின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் கசக்கும். நாங்கள் வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவதைச் சிகிச்சை என்கிறோம், அம்மா பிள்ளையைத் திருப்பிப் போடுவதைப் 'பார்த்துக்கொள்வது' என்கிறோம். எது அதிக நேரம் உடம்பில் வேலை செய்கிறது? அம்மா செய்வதுதான். அதனால் வருகிற மருத்துவரிடம் காலை இழுத்துவிடச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். 'ராத்திரி எப்படிக் கிடத்துவது, சோறு கொடுக்கும்போது எப்படி இருத்துவது, எனக்குச் செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். காட்டத் தெரியாது என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

இந்த மண்ணுக்கு எண்ணெயும் தடவலும் புதிதில்லை. வர்ம ஆசான்கள் வாழ்ந்த மாவட்டம் இது. பக்கத்தில் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தடவலை நான் குறை சொல்லப் போவதில்லை. இதமான கை, இளஞ்சூட்டு எண்ணெய், இறுகிய தசை சற்று இளகுவது, எல்லாம் பிள்ளைக்குச் சுகம். தொடுகையே கிடைக்காத பிள்ளைகளைவிட அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு உள்ள தகராறு இரண்டே இடத்தில். ஒன்று, வலுக்கட்டாயமாக இழுப்பது. "எண்ணெ போட்டு நல்லா இழுத்துவிட்டா நிமிந்திரும் மக்களே" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். நிற்காத பிள்ளையின் எலும்பு மெலிந்திருக்கும், பட்டென்று முறியும். இறுகிய தசையை வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் இறுகும். மெதுவாக, நேரம் கொடுத்துத்தான் அது இளகும். இரண்டாவது, அரை மணி நேரம் பக்குவமாகத் தடவிவிட்டு, குளிப்பாட்டி, பழையபடி அதே கோணலில் அதே பாயில் கிடத்துவது. தடவி இளகிய நேரம்தான் பிள்ளையை நல்ல நிலையில் இருத்த ஏற்ற நேரம். அதை வீணாக்காதீர்கள்.

பாட்டிகளின் வழக்கத்தில் தங்கமான ஒன்று இருக்கிறது. ஒக்கலில் தூக்குவது. ஒரு கால் முன்பக்கம், ஒரு கால் பின்பக்கம், தொடைகள் அகன்று, இடுப்பில் பொருந்தி உட்கார்ந்து வருகிற பிள்ளை. கத்தரிக்கோல் போலக் கால்கள் பின்னிக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆசனம் எந்தக் கடையிலும் கிடைக்காது. எலும்பின் தலை குழிக்குள் நன்றாக அமர்கிறது, முதுகு நிமிர்கிறது, பிள்ளை உலகத்தை நம் கண் உயரத்தில் பார்க்கிறது. ஆனால் ஊனம் என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் மல்லாத்தித் தூக்குகிறோம். ஐந்து வயசுப் பிள்ளை வானத்தையும் ஓட்டையும் பார்த்துக்கொண்டு போகிறது. தூக்க முடிகிற வயது வரை ஒக்கலில் தூக்குங்கள், ஒரே பக்கமாக இல்லாமல் மாற்றி மாற்றி. சேலைத் தொட்டில் மட்டும் வேண்டாம். சின்னக் குழந்தைக்கு அது சரி. ஐந்து ஆறு வயதிலும் அதிலேயே கிடத்தினால் முதுகு கூன்போட்டு, முழங்கால் மடங்கி, அந்த வடிவத்திலேயே உடம்பு நின்றுவிடும். அழுகை நிற்கிறது என்பது உண்மைதான். வேறு வழியில் அழுகையை நிறுத்தப் பார்ப்போம்.

உட்காருவது பற்றி. முதலில் இடுப்பைப் பாருங்கள், தலையைப் பிறகு பார்க்கலாம். எல்லோரும் தலையைப் பிடித்து நிமிர்த்தப் போகிறார்கள். அடியில் இடுப்பு முன்பக்கம் வழுக்கிக்கொண்டு இருந்தால் தலை எப்படி நிற்கும்? நம் வீடுகளில் இருக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி இந்தப் பிள்ளைகளுக்குச் சறுக்குமரம்தான். இடுப்பு பின்பக்கம் முழுதாக ஒட்டியிருக்க வேண்டும். இருக்கையின் முன்னோரத்தில், தொடைக்குக் கீழே, ஒரு துண்டை உருட்டி வைத்துச் சற்றே உயர்த்தினால் வழுக்குவது குறையும். பாதம் தொங்கக் கூடாது, ஒரு பலகையோ செங்கலோ கீழே வேண்டும். தொடைகளுக்கு நடுவில் சின்ன மெத்தைக் கட்டை. முன்னால் முழங்கை உயரத்தில் ஒரு மேசை. பிறகு தலையைப் பாருங்கள். பாதிக்குமேல் தானாகவே சரியாகியிருக்கும்.

நாற்காலியே வேண்டாம் என்கிறவர்களுக்கு வீட்டு மூலை இருக்கிறது. இரண்டு சுவர் சேருகிற மூலையில் பிள்ளையை இருத்திப் பாருங்கள். தோள்கள் பின்பக்கம் விரிந்துபோகாமல் முன்னால் வரும், கைகள் நடுவில் சேரும். அதுவரை எட்டாத பொம்மை அன்றைக்கு எட்டும். மூலைக்குச் சாய்வாக இரண்டு பலகை அடித்துத் தந்தால் அதுவே மூலை நாற்காலி. தச்சர் ஒருவருக்கு அரை நாள் வேலை. ஜிம்பாப்வேயில் பழைய அட்டையையும் செய்தித்தாளையும் மாவுப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, பிள்ளையின் அளவுக்கே இருக்கை செய்கிற முறை ஒன்றை வளர்த்தெடுத்தார்கள். உலர்ந்தபின் அதன்மேல் பெரியவரே உட்காரலாம். மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் ஊனமுற்றவர்களே நடத்திய பட்டறையில் இருந்து கற்றதை வைத்து டேவிட் வெர்னர் 1987-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். கிராமத்து ஊனமுற்ற குழந்தைகளுக்காகவே எழுதியது. படம் படமாகப் போட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற மாதிரி. எங்கள் கல்லூரிகளில் பாடநூலாக வைக்க வேண்டியது அது என்று நினைக்கிறேன். வைக்கிறார்களா என்று கேட்காதீர்கள்.

முகாம்களில் கொடுக்கிற நாற்காலிகள் பற்றிக் கேட்டிருந்தார்கள். மாநில அரசு மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென்று தனிச் சக்கர நாற்காலி கொடுக்கிறது. மத்திய அரசின் உபகரணத் திட்டத்திலும் கிடைக்கிறது. வாங்குங்கள், விடாதீர்கள். ஆனால் நாற்காலியைக் கொடுப்பது வேறு, பிள்ளைக்குப் பொருத்திக் கொடுப்பது வேறு. எத்தனையோ வீடுகளில் அந்த நாற்காலி துணி காயப்போடுகிற கொடியாக நிற்பதைப் பார்க்கிறேன். கேட்டால், "அதுல இருத்தினா சரிஞ்சு சரிஞ்சு விழுறான்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியே அளவெடுத்தல், பொருத்துதல், பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல், பின்னால் வந்து பார்த்தல் ஆகியவையும் சேர்ந்ததுதான் சக்கர நாற்காலி வழங்குவது என்கிறது. முகாமில் வாங்கும்போது பிள்ளையை அதில் உட்காரவைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டோ எடுக்க அவசரப்படுத்துவார்கள். காத்திருக்கட்டும்.

உணவு. இது உயிர் சம்பந்தப்பட்டது. மல்லாத்திக் கிடத்தி, தலையைப் பின்பக்கம் சாய்த்து, வாயைத் திறக்கவைத்துக் கஞ்சியை ஊற்றுகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சீக்கிரம் முடிகிறது, கீழே சிந்துவதில்லை. ஆனால் தலை பின்பக்கம் சாய்ந்தால் மூச்சுக்குழல் வாய்திறந்து நிற்கும். விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு வாய்க்கும் துளித்துளியாக உள்ளே போகும். இருமினால் நமக்குத் தெரியும். சில பிள்ளைகள் இருமுவதுகூட இல்லை. மாதாமாதம் நெஞ்சுச்சளி, மருந்து, மறுபடி சளி. நிமிர்த்தி இருத்தி, தாடை சற்றுக் கீழே வந்து, நம் முகம் பிள்ளையின் முகத்துக்கு நேராகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க, சின்னக் கரண்டியில் கொடுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், தலை மறுபடி பின்னால் போய்விடும். சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்கவைக்க வேண்டாம்.

ராத்திரி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். தூக்கம்தான் ஒரே நிலையில் நீளமாகக் கழிகிற நேரம். அதனால் ராத்திரிக்கென்று தனி மெத்தை, தனி அணைப்புகள் எல்லாம் மேல்நாடுகளில் விற்கிறார்கள். ஆனால் 2015-இல் காக்ரேன் அமைப்பு இவை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவை இடுப்பு மூட்டு நழுவுவதைத் தடுக்கின்றன என்று காட்டுகிற சரியான சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எனவே பல ஆயிரம் ரூபாய் கொடுத்து இறக்குமதி மெத்தை வாங்கும்படி யாராவது சொன்னால் வாங்காதீர்கள். சேலையை உருட்டி, தலையணையை மடித்து, மணல் நிரப்பிய துணிப்பையை வைத்து, முழங்கால் ஒரு பக்கம் சரிந்துவிடாமல் அணை கொடுப்பது செலவில்லாத காரியம். பகலில் விழித்திருக்கும்போது அரை மணி நேரம் பழக்குங்கள், பழகினபிறகு ராத்திரிக்குக் கொண்டுபோங்கள். வலிப்பு வருகிற பிள்ளையைக் கமுத்திக் கிடத்தக் கூடாது. முகத்துப் பக்கம் தலையணையோ துணியோ அண்டக் கூடாது. காலையில் எடுத்ததும் இடுப்பு, குதிகால், காதோரம் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த அணைப்பு தப்பு. பிள்ளை தூங்கவே இல்லை என்றாலும் தப்பு. நேராகக் கிடந்து விடிய விடிய அழுவதைவிடக் கொஞ்சம் கோணிக் கிடந்து தூங்கட்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் எனக்கு உண்டு. நான் பேசிவிட்டுப் போனபிறகு ஏதாவது ஒரு வீட்டில் பிள்ளையை நாற்காலியில் நாலு பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, 'டாக்டர் சொன்னார்' என்று நாள் முழுக்க வைத்துவிடுவார்களோ என்று. உடம்பு நிலையை மாற்றுவதுதான் மருந்து, எவ்வளவு நல்ல நிலையானாலும் அதிலேயே மணிக்கணக்கில் வைத்தால் அதுவும் சிறைதான். அசைகிற பிள்ளையை அசையாமல் கட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. பேசாத பிள்ளைக்கும் சம்மதமும் மறுப்பும் உண்டு. கண்ணை மூடும், முகத்தைத் திருப்பும், உடம்பை விறைக்கும். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பெற்றவளைவிடச் சிறந்த ஆள் கிடையாது. சென்னையில் பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய வித்யா சாகர் அமைப்பில் பிள்ளைகளை ஒழுங்காக இருத்துவதோடு பேச்சும் எழுத்தும் சேர்ந்தே நடக்கின்றன. பேச முடியாத பிள்ளை படப்பலகையைக் கண்ணால் காட்டியோ விரலால் தொட்டோ பதில் சொல்ல வேண்டுமானால், அந்தக் கண்ணும் விரலும் அலையாமல் நிற்க உடம்புக்கு ஆதாரம் வேண்டும். எதற்காக நிமிர்த்துகிறோம் என்று தெரிந்தால் எவ்வளவு நிமிர்த்துவது என்பதும் தெரிந்துவிடும்.

ஆரல்வாய்மொழி தாண்டிப் போனால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி. இங்கே பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு உள்ள ஆடிட்டர் சங்கர ராமன் பிறகு வந்து சேர்ந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவர்களுடைய வேலை முறையை. ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து எடுத்து, வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் கையில் ஒரு செயலி. குழந்தையின் நிலையைப் பதிவு செய்தால், மையத்தில் உள்ள நிபுணர் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறார். நிபுணர் வீட்டுக்கு வருவதற்குள் அறிவு வந்துவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், படுக்கையிலேயே இருப்பவர்களை அண்டை அயலார் குழுவாகப் போய்ப் பார்க்கிற வழக்கம் 1990-கள் முதல் வேரூன்றியிருக்கிறது.  எல்லைக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் உள்ள நமக்கு இது தெரியாததில்லை. நம் ஊர்க் குடும்பக் குழுக்களும் மகளிர் குழுக்களும் ஜமாத்தும் கோயில் கமிட்டியும் இதை எடுத்துச் செய்ய யார் தடுக்கிறார்கள்?

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளி அந்த ஆதரவைக் கேட்டு விண்ணப்பிக்க வழி செய்கிறது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி 18 வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு உண்டு. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, இயன்முறை சிகிச்சைச் செலவும் சேர்த்துக் கோரலாம். நாகர்கோவிலில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது அடையாள அட்டை, ஆதார், நகல் எல்லாம் எடுத்துப் போங்கள். ஒரு காகிதத்துக்காக இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டாம்.

பிள்ளை வளர்ந்து முப்பது வயதாகிவிட்டது, இனிமேல் என்ன என்று கேட்கிற அம்மாக்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். வளைந்த எலும்பை நிமிர்த்த முடியாது. ஆனால் வளைவு நிற்பதில்லை, வயதானாலும் கூடிக்கொண்டே போகும். அதை மெதுவாக்கலாம். வளைந்த உடம்புக்கு ஏற்ற மாதிரி இருக்கையை வளைத்தால் வலி குறையும், புண் வராது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்க முடியும். வளைவை நிமிர்த்துகிறேன் என்று தட்டைப் பலகையில் அழுத்தி இருத்தினால்தான் தப்பு.

பிறகு உங்கள் முதுகு. 40 கிலோ மகனைத் தனியாகத் தூக்கிக் குளிக்கவைக்கிற 60 வயது அம்மாவின் முதுகு பற்றி எந்தக் கோப்பிலும் ஒரு வரி இல்லை. தனியாகத் தூக்காதீர்கள். தடித்த போர்வை ஒன்றை அடியில் விரித்து இரண்டு பேராக இழுத்து நகர்த்துங்கள். கட்டிலின் உயரமும் நாற்காலியின் உயரமும் ஒன்றாக இருந்தால் பாதிப் பாரம் குறையும். கட்டில் கால் நாலுக்கும் செங்கல் வைத்தால் போதும். வீட்டில் ஆண்களுக்கு இரவு ஒரு முறை திருப்பிப் போடுகிற முறையை எழுதி ஒட்டுங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் எப்படியும் விடியுமுன் எழுந்திருக்கிறார். அவர் கிளம்புமுன் பிள்ளையை மறுபக்கம் திருப்பிவிட்டுப் போகட்டும்.

தையற்காரர் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் கூட்டி வந்திருக்கிறேன். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மணல்பைக்கான துணியும் மூலைப்பலகையும் இங்கேயே இருக்கின்றன. சாயா குடித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக இருத்திப் பார்த்து அளவெடுப்போம். சின்னப் பிள்ளைகள் முதலில், அவர்களுக்குத்தான் தூக்க நேரம் ஆகிவிட்டது.